அவனுடைய இடது பக்கம்

இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொண்டு நடப்பவனைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி டெக்சாஸ் மாநிலத்தில் இதுவரை பிறக்கவில்லை. இது என் கருத்தல்ல, உண்மை. எங்கள் கல்லூரிப் பத்திரிகையில் நானே எழுதியிருக்கிறேன். துப்பாக்கி வந்த இடத்துக்குச் சண்டையும் பின்னாலேயே வரும் என்று எழுதினேன். பாதுகாப்புக்கு என்று கிளம்புகிறவன் முதலில் வாங்குவது ஓர் அளவு பெரிய சட்டை, அதைப் போட்டுக்கொண்டு இடுப்புப் புடைப்பு தெரிகிறதா என்று கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்ப்பான் என்றும் எழுதினேன். விடுதியே சிரித்தது. டெலனி மட்டும் பாதி படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

டெலனி என் காதலி. கோல்பி வரும்வரை அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

கோல்பி கால்நடை அறிவியல் படிப்பவன். மாடுகளோடு பழகியதாலோ என்னவோ, மனிதர்களிடமும் சத்தம் போடாமல்தான் பேசுவான். டெலனிக்கு நூலகத்தில் மாலை வேலை. அது முடிந்ததும் கார் நிறுத்துமிடம் வரை அவளுக்குத் துணையாகப் போவான். அவனுடைய வண்டியும் அங்கேதான் நிற்கிறதாம். ஊரில் வேறு இடமே இல்லை பாருங்கள்.

ஒருநாள் அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். தற்செயலாகத்தான், ஒரு மரத்தின் மறைவில். டெலனி அவனுக்கு வலது பக்கம் நடந்தாள். சட்டென்று நின்று, பின்னால் சுற்றி, இடது பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டாள். அவன் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தான். அவனுடைய தொளதொளச் சட்டையில் வலது இடுப்பருகே ஒரு சின்னப் புடைப்பு.

எனக்குப் புரிந்துவிட்டது. கல்லூரிக்குள் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கி வைத்திருக்கலாம், ஆனால் வெளியே தெரியக்கூடாது என்பது சட்டம். கோல்பி யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொல்லியிருக்கிறான். தன் துப்பாக்கி எந்த இடுப்பில் இருக்கிறது என்று ஒருவன் ஒருத்தியிடம் சொல்வதைவிட அந்தரங்கமான விஷயம் இந்த மாநிலத்தில் கிடையாது.

மறுநாள் என்னோடு நடந்தபோது டெலனி சுற்றிக்கொண்டு என் இடது பக்கம் வந்தாள்.

"ஏன் இந்தப் பக்கம் வந்தே?"

"எந்தப் பக்கம்?" என்றாள். அவளுக்கே தெரியவில்லை. என் வலது இடுப்பில் இருந்தது சாவிக்கொத்து.

சனிக்கிழமை மூவரும் சுட்ட மாட்டிறைச்சி சாப்பிடப் போனோம். கோல்பிதான் ஓட்டினான். கடை வாசலில் காலியான ஒரே இடத்துக்கு அவன் திரும்பும் விளக்கைப் போட்டுக் காத்திருக்க, ஒரு பெரிய பிக்கப் வண்டி குறுக்கே புகுந்து நின்றது. நான் இறங்கினேன்.

"யோவ், கண்ணு தெரியலையா உனக்கு?"

கதவு திறந்தது. வண்டியில் பாதி அகலத்துக்கு ஒரு மனிதர் இறங்கினார். "என்ன சொன்னே தம்பி?"

"ஓ, காதும் கேக்காதா? வண்டியை எடுய்யா!"

அந்த அளவுள்ள ஆளிடம் நான் அதுவரை மணி என்ன என்றுகூடக் கேட்டதில்லை. அவர் ஓரடி முன்னால் வைத்தார். நான் பின்வாங்கவில்லை. என் பின்னால் கோல்பி இறங்கி நின்றிருந்தான்.

கோல்பி இரண்டு கைகளையும் விரித்து, உடம்பிலிருந்து தள்ளி வைத்தபடி நடுவில் வந்தான். "சார், தப்பு எங்க மேலதான். நீங்களே நிறுத்திக்குங்க. இவனுக்குப் பசி வந்தா இப்படித்தான்."

அந்த மனிதர் என்னை ஒருமுறை பார்த்தார், தரையில் துப்பினார், உள்ளே போய்விட்டார்.

"பாத்தியா டெலனி?" என்றேன். "இடுப்புல வெச்சிருக்கிற வீரன் லட்சணம்! மன்னிப்பு கேக்கறான்!"

"வெச்சிருக்கறதாலதான் கேக்கணும்" என்றான் கோல்பி. "அவரும் வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

டெலனி என் பக்கம் திரும்பினாள். "நீ ஒருத்தர்கிட்டயும் இப்படிப் பேசினதே இல்லையே வெஸ்லி. இன்னிக்கு எதை நம்பிப் பேசினே?"

துப்பாக்கி வந்த இடத்துக்குச் சண்டையும் வரும் என்ற என் கொள்கை அங்கேயே நிரூபணமாகிவிட்டது. அது என் வாய் வழியாக வந்தது என்பது ஒரு சின்ன விவரம். அதை விளக்குவதற்குள் அவள் உள்ளே போய் கோல்பிக்கு இடது பக்கம் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது, "இனிமே நூலகத்துக்கிட்ட எனக்காக நிக்காதே, வெஸ்லி. மரத்துக்குப் பின்னாலயும்தான்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்கு வெளியே துப்பாக்கி உரிமப் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போனேன். அடுத்த கட்டுரைக்கான ஆராய்ச்சி.

சொல்லித்தரும் அம்மாள் கேட்டார். "எதுக்கு வேணும் தம்பி?"

"பாதுகாப்புக்கு."

"யார்கிட்டேருந்து?"

யோசித்தேன். மெதுவாகப் பேசும் ஒருவனின் முகம்தான் வந்தது. "பொதுவா" என்றேன். அவர் என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்.

திரும்பும் வழியில் ஒரு துணிக்கடை. அறைக்கு வந்து கதவைத் தாழிட்டுப் புதுச் சட்டையைப் போட்டேன். ஓர் அளவு பெரியது. சாவிக்கொத்தை வலது இடுப்பில் செருகி, கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் திரும்பினேன்.