வால்வு மாலை

திருவொற்றியூர் தேரடியில் இறங்கி வஹாப் பாய் ஷெட் எது என்று கேட்டால், "வால்வு மாலை தொங்கும், போ" என்பார்கள். ஒரே கம்பியில் கோர்த்த நாற்பது சொச்சம் தெர்மோஸ்டாட் வால்வுகள். எல்லாம் ஆம்னி வண்டிகளிலிருந்து மெக்கானிக் அப்துல் வஹாப் தன் கையாலேயே கழற்றியவை. இஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைப்பதுதான் அந்த வால்வின் வேலை. "குளிர் நாட்டுக்காரன் வச்ச சாமான்பா இது. எண்ணூர் வெயில்ல இஞ்சினுக்கு இன்னாத்துக்கு ஸ்வெட்டரு?" என்பார். கழற்றியதில் வண்டி நம்பரையும் மாசத்தையும் ஆணியால் கீறி, மாலையில் சேர்த்துவிடுவார். மனுஷனுக்குப் பெருமையடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டுமே.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ராஜாத்தி தன் பழைய ஆம்னியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வண்டி. காலை நடை அவளுடையது. மாலை நடை அவள் தம்பி மணியுடையதாக இருந்தது.

"பாய், இன்னும் அப்டியேதான் பெட்ரோல் குடிக்கிது," என்றாள். "மணி கோச்சிக்கினு போயி மூணு மாசம் ஆவுது. நான் ஒருத்திதான் ஓட்டறேன். அப்பவும் குடிக்கிது."

வஹாபுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு வந்தாள். அவர் வண்டிக்கடியில் படுத்து, குழாயை மோந்து பார்த்து, "ஒரு சொட்டு ஒழுகல. வண்டில ஒண்ணும் இல்ல, நீ வேற எங்கனா பாரு" என்று தீர்ப்பு சொன்னார். அவள் வீட்டுக்குப் போய் மணியைப் பார்த்தாள். வண்டியிலிருந்து பெட்ரோல் பிடித்து விற்கிறாயா என்று கேட்டுவிட்டாள். அவன் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனவன்தான், எர்ணாவூரில் ஒரு லாரி யார்டில் வேலை செய்துகொண்டு அங்கேயே படுத்துக்கொள்கிறான். தெருவுக்கே தெரிந்த கதை. அதில் தனக்கும் பங்கு உண்டு என்று வஹாபுக்கு இன்றைக்குத்தான் உறைத்தது.

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். விம்கோ நகரிலிருந்து ஓடிவந்த வண்டி. சூடு காட்டும் முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. இதையே முன்பெல்லாம் வாடிக்கைக்காரர்களுக்குப் பெருமையாகக் காட்டுவார். இறங்கிப் போய் புகைக்குழாயில் விரலை விட்டுப் பார்த்தார். மை மாதிரி கரி ஒட்டியது.

ஸ்பேர் கடை சுடலைராஜ் போன வருஷமே சொன்னார். "பாய், அந்தக் காலத்து கார்புரேட்டர் வண்டிக்கு நீங்க என்னமும் செய்யுங்க. சென்சார் வச்ச வண்டியில வால்வைக் கழத்தாதீங்க. இஞ்சின் இன்னும் குளுந்தே கிடக்குன்னு நினைச்சு, அது பாட்டுக்குப் பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருக்கும்." சாமான் விற்கிறவன் வேறு என்ன சொல்வான் என்று வஹாப் சிரித்துவிட்டு வந்தார்.

ராஜாத்தியுடையதும் சென்சார் வண்டிதான். வால்வு மாலையில் அதன் நம்பரைத் தேடினார். இருந்தது. பக்கத்தில் 'ஆடி' என்று கீறல்.

"எப்பலேந்து குடிக்கிது?"

"ஆடி வெள்ளிக்கு கூழு அண்டா ஏத்தினோமே, அப்பாலதான்."

பெட்ரோல் தெளிக்கும் நாஜிலில் அடைப்பு, இப்போதுதான் அடைத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புது வால்வைச் சத்தமில்லாமல் மாட்டிவிடலாம், மாலையும் தொங்கும். ஆனால் அன்றைய திருட்டுப் பழி மணி தலையிலேயே நிற்கும். வஹாபுக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இப்படி வெட்கப்பட வேண்டியிருக்கிறதே என்று கோபமும் வந்தது. கம்பியை அவிழ்த்து, அந்த வால்வை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"உன் வண்டியோடதும்மா. நான் கழட்டினது. அன்னிலேந்துதான் குடிக்கிது. உன் தம்பி ஒரு சொட்டு எடுக்கல."

ராஜாத்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வண்டில ஒண்ணும் இல்லன்னு நீதான பாய் சொன்ன?"

"சொன்னேன். தப்பா சொன்னேன்."

அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. "எப்ப மாட்டுவ?" என்று மட்டும் கேட்டாள்.

சுடலைராஜ் கடையில் புது வால்வு வாங்கினார். சுடலைராஜ் சிரிக்காமல் கொடுத்தது பெரிய மனசு. டீக்கடையில் கொதிக்கும் தண்ணீரில் அதைப் போட்டுப் பார்த்தார். மெல்ல வாய் திறந்தது. டிரைவர் சீட்டைத் தூக்கி, தண்ணீரை வடித்து, மூடியின் இரண்டு போல்ட்டையும் கழற்றி, ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டினார். வால்வை உட்கார வைத்து மூடி, கூலன்ட் ஊற்றி, காற்று போகும் வரை இஞ்சினை ஓடவிட்டார். முள் எழுந்து நடுவில் போய் நின்றது.

"ஓட்டிப் பாக்கலாம், ஏறு," என்றார். எர்ணாவூருக்குத்தான் ஓட்டினார். எங்கே என்று அவளும் கேட்கவில்லை.

யார்டு வாசலில் மணி நின்றிருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வஹாப் இறங்கிப் போய், ராஜாத்தியிடம் சொன்னதையே ஒன்று விடாமல் அவனிடமும் சொன்னார். மணி கடைசி வரை கேட்டான்.

"நீ சொன்னத அக்கா நம்புச்சு பாய். கூடப் பொறந்தவன என்னான்னு கூட கேக்காம திருடன்னுச்சு."

"என் புத்தி கெட்டுப் போச்சுடா," என்றாள் ராஜாத்தி. அழுதுகொண்டிருந்தாள். "வூட்டுக்கு வா."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று ஆகப்போகிறது, பள்ளிக்கூடம் விடும் நேரம். உள்ளே போய் யாரிடமோ சொல்லிவிட்டு வந்து டிரைவர் சீட்டில் ஏறினான். ராஜாத்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். வஹாப் ஜன்னலோரம் நின்றார்.

மணி சாவியைத் திருகி, பெட்ரோல் முள்ளைக் காட்டினான். "நல்லா பாத்துக்கோ. எங்க நிக்கிதுன்னு. சாயந்தரம் வண்டி வந்ததும் திருப்பிப் பாரு."

ராஜாத்தி சட்டென்று கையை நீட்டி, மீட்டர் மொத்தத்தையும் உள்ளங்கையால் மூடினாள். "பாக்க மாட்டேன். இனிமே பாக்கவே மாட்டேன்டா."

வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.

"கைய எடு அக்கா," என்றான் மணி. "பாய் இன்னா மாட்டிகீதோ, சூடு முள்ளயாவது பாக்கணும்ல."