ஐம்பத்து மூன்றின் சக்கரங்கள்

வெர்லின் பதினோரு வருடச் சனிக்கிழமைகளை ஒரே பெட்டிக்குக் கொடுத்திருந்தார். இண்டியானாவில் ஊருக்கு ஊர் ஓடிய மின்சார ரயில் பெட்டி. எண் ஐம்பத்து மூன்று. தண்டவாளங்களைப் பிடுங்கிய வருடம் ஒரு விவசாயி அதன் உடலை மட்டும் வாங்கிப்போய் அதற்குள் கோழி வளர்த்தார். வெர்லின் அதை அருங்காட்சியகக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். கோழி எச்சத்தைச் சுரண்டினார். உளுத்த ஓக் சட்டங்களை மாற்றினார். சக்கரம் மட்டும் இல்லை.

அவரும் கொட்டகைப் பொறுப்பாளர் ஆர்லோவும் அயோவாவில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் அதைக் கண்டுபிடித்தார்கள். மோட்டாரோடு இரண்டு சக்கரத் தொகுதிகள். ஆர்லோதான் அவற்றில் '53' என்று தகரச் சீட்டுக் கட்டினார். சீட்டுக் கட்டிய பொருளை அந்தக் கொட்டகையில் வேறு யாரும் தொடுவதில்லை.

பிப்ரவரியில் ஆர்லோ ஒரு துண்டுத் தாளில் அளவு எழுதிக் கொடுத்தார். பெட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவே உட்காரும் தட்டின் அளவு. வெர்லின் சரிபார்க்கவில்லை. ஆர்லோ அளந்தால் அளந்ததுதான். நான்கு வாரம் லேத்தில் நின்று இரண்டு தட்டுகளைக் கடைந்தார்.

பிறகு முழங்கால் அறுவைக்காக ஒன்றரை மாதம் வரவில்லை.

"கோழிக்கூட்டுக்காரர் வந்தாச்சு," என்றாள் காபி ஊற்றும் க்ளெண்டா, அவர் திரும்பி வந்த சனிக்கிழமை. "டோனட் எடுத்துக்கங்க. உங்க புது முட்டி மாதிரி கெட்டியாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்குப் பெரிய மனசு. சக்கரத்தத் தூக்கி ஒன்பதாம் நம்பர் பெட்டிக்குக் குடுக்க யாருக்கு வரும்?"

வெர்லின் கோப்பையைக் கீழே வைத்தார். "யாரு குடுத்தா?"

"நீங்கதான். கமிட்டியில ஆர்லோ சொன்னாரே."

கொட்டகையில் ஐம்பத்து மூன்று மரக்கட்டைகள் மேல்தான் இருந்தது. அடுத்த தடத்தில் ஒன்பது, அவருடைய சக்கரங்களின் மேல் நின்றது. சீட்டுகள் இல்லை. அவர் கடைந்த தட்டுகள் மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தன.

டேப்பை எடுத்து ஐம்பத்து மூன்றின் அடியில் முதல் முறையாக அளந்தார். ஆர்லோ எழுதிக் கொடுத்த அளவுக்கும் இதற்கும் அரை அங்குல வித்தியாசம்.

ஒன்பதின் அடியிலிருந்து ஆர்லோ கையைத் துடைத்தபடி வந்தார்.

"நடக்க ஆரம்பிச்சுட்டியா. நல்லது."

"பிப்ரவரியிலயே முடிவு பண்ணிட்ட."

ஆர்லோ மறுக்கவில்லை. "ஒன்பதோட அச்சு விரிசல் விட்டுப்போச்சு. ஜூலையில கூட்டம் வரும். ஓடுற பெட்டி ஒண்ணாவது வேணும்ல."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்ப."

"ஆமா."

"அதான் கேக்கல."

பிறகு ஆர்லோ மோட்டாரின் பக்கம் கை காட்டினார். நான்கு ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

"இதுல அடையாளமே இல்ல. மாத்தி இணைச்சா ஒரு மோட்டார் முன்னாடி இழுக்கும், ஒண்ணு பின்னாடி இழுக்கும். நீதான பிரிச்ச. எது எதுன்னு சொல்லு."

வெர்லினுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் அவரே துடைத்து, உறை மாற்றியிருந்தார்.

"மறந்துபோச்சு," என்றார்.

ஆர்லோ அவர் முகத்தைப் பார்த்தார். "நீயா மறப்ப?"

"வயசாகுதுல்ல," என்றார் வெர்லின்.