சம்பள நாள் பின்கதவுகள்

மைக் வேணாம் மிஸ். ஒரு கொட்டாய் நிறைய பிள்ளைங்களை நாள் பூரா அதட்டுறவ நான், இந்தக் கிளாசுக்கு என் தொண்டையே போதும்.

பேரு ஃப்ளோரா. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் செம்பனைத் தோட்டம். அப்பன் ஆயி வேலைக்குப் போனதும் அவங்க பிள்ளைங்களைப் பார்த்துக்கிறது என் வேலை. பெண்ணியப் புவியியலாம் உங்க பாடத்துக்குப் பேரு. வந்து பேசுங்கன்னு அலீசியா மிஸ் கூப்பிட்டப்போ முடியாதுன்னுதான் சொன்னேன். அப்புறம், நாங்க வரைஞ்ச படத்தை உங்களுக்குப் பாடமா வச்சிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். அப்போ அது என்ன செஞ்சிச்சுன்னும் நீங்க தெரிஞ்சுக்கணும்லா. அதான் பஸ் ஏறிட்டேன்.

அதோ திரையில காட்டுறாங்களே, அதுதான் எங்க லயம். ஒரே வரிசை, ஒட்டி ஒட்டி வீடுங்க. முன்னால ரோடு. பின்னால அடுப்படி, அதுக்கு வெளியே கால்வாய், அந்தாண்ட செம்பனை. சிவப்புப் புள்ளி தெரியுதா? அதெல்லாம் எங்க அடுப்படிக் கதவு.

சம்பள நாள்னா எங்க பொம்பளைங்க யாரும் பின்கதவைத் தாழ் போட மாட்டோம். என் மாமியார் காலத்துலயிருந்தே அப்படித்தான். ஆம்பளைங்க சம்சு சாராயத்தை ஊத்திக்கிட்டு வருவானுங்க. அடி தாங்காதவ பின்னால ஓடி வந்து ஏதாச்சும் ஒரு கதவைத் தள்ளிட்டு உள்ள பூந்துடுவா. உடனே தாழ்ப்பாள். புருஷன்காரன் கால்வாய் ஓரமா நின்னு கத்துவான், எந்த வீட்டுல இருக்கான்னு அவனுக்குத் தெரியாது. நாங்க மூச்சு விட மாட்டோம். போதை தெளிஞ்சதும் அவ முன்பக்கமா நடந்து போவா, கடைக்குப் போயிட்டு வந்த மாதிரி. இதைப் பத்தி எந்த ஆம்பளைகிட்டயும் எவளும் வாய் திறந்தது கிடையாது.

அதிகமா ஓடி வந்தது காளியம்மாதான், சோமு பொண்டாட்டி. எலும்பும் தோலுமா இருப்பா, வாய் மட்டும் ஊருக்கே கேக்கும். உதட்டுல ரத்தத்தோட என் அடுப்படியில உக்காந்துகிட்டு, "என்னக்கா, கறியில உப்பே இல்ல"ம்பா. பாவி. அந்தக் கதவுங்க மட்டும் இல்லன்னா அவ எப்பவோ செத்திருப்பா.

போன வருஷம் மிஸ் மாணவிங்களோட வந்தாங்க. தரையில பெரிய தாளை விரிச்சு, எங்கெங்க பயப்படுறீங்க, எங்க பயம் இல்லாம இருக்கீங்க, நீங்களே வரைங்கன்னாங்க. எங்களை அதுவரைக்கும் யாரு கேட்டா? வேலை வாங்குற மண்டோர் கேட்டானா? கோயில் கமிட்டி கேட்டுச்சா? ஒருத்தி ஆரம்பிச்சதும் எல்லாரும் பேனாவைப் பிடுங்கிக்கிட்டோம். ஓடிப் பூந்துக்கிற கதவுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வச்சது காளியம்மா. "இந்தக் கதவு கிரீச்சுன்னு காட்டிக் குடுத்துடும், இது வேணாம்"னு சொல்லிச் சொல்லி வச்சா. சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு எங்களுக்கு. மிஸ் யாரு பேரையும் எழுத விடல. அது போதும்னு நாங்களும் நம்பிட்டோம்.

அதோட விட்டிருக்கலாம். உங்க படிப்புல ஒரு வழக்கம் இருக்காமே, ஜனங்ககிட்ட வாங்கினதை ஜனங்ககிட்டயே திருப்பிக் குடுக்கணும்னு! அந்தப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கேக் வாங்கிக்கிட்டு வந்து, தோட்டத்து மண்டபத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டுப் போனாங்க. நாங்களும் கை தட்டினோம், பொய் சொல்ல மாட்டேன். எங்க கையால வரைஞ்சது சுவத்துல தொங்குச்சுன்னா பெருமை இருக்காதா? பேரு இல்லைதான். தன் வீட்டுக் கதவு எதுன்னு ஆம்பளைக்குத் தெரியாதா மிஸ்? சொல்லுங்க.

மறுநாளே ஆரம்பிச்சிட்டானுங்க. "என் வீடு என்ன, எவ வேணும்னாலும் பூந்து போற சந்தா?" அடுத்த சம்பளத்துக்குள்ள வரிசை பூரா பின்கதவுக்கு உள்பக்கம் பூட்டு. என் வீட்டுக்காரர் காப்ரியலும் பூட்டினார். அவர் குடிக்க மாட்டார், அடுப்படிப் பக்கம் வரவும் மாட்டார். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பைபிள் வாசிக்கிறவர். "அடுத்த வீட்டுச் சண்டை நமக்கு எதுக்குலா"ன்னு சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். காளியம்மாகிட்ட சொன்னேன், என் கதவையும் நம்பாதடின்னு. அவ சிரிச்சா. "போக்கா, உன் வீட்டுக்காரர் நல்லவரு, தட்டினா திறந்துடுவாரு."

அந்தச் சம்பள நாள் சனிக்கிழமை. நல்ல வெயில், மத்தியானம், நான் சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன். வரிசையில ஒவ்வொரு கதவா தட்டுற சத்தம் கிட்ட கிட்ட வந்துச்சு. அப்புறம் என் கதவு. "அக்கா, நான்தான்க்கா."

சாவியைக் குடுங்கன்னு கத்தினேன். காப்ரியல் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கல. "முன்பக்கமா வரச் சொல்லு"ன்னார். முன்பக்கம் வரணும்னா அவ வரிசையோட கடைசி வரைக்கும் ஓடிச் சுத்தணும், சோமு பின்னாலயே வர்றான். அம்மிக்குழவியைத் தூக்கிப் பூட்டு மேல போட்டேன். போட்டேன், போட்டேன். அந்தப் பக்கம் அவ தட்டுறா, இந்தப் பக்கம் நான் அடிக்கிறேன். பூட்டு தெறிச்சு விழுந்தப்போ அவ தட்டுறது நின்னு போயிருந்துச்சு.

கதவைத் திறந்தேன். கால்வாய்ல கிடந்தா. சோமு பாராங் கத்தியோட நின்னுக்கிட்டு, என்னைப் பார்த்து, "நீ உள்ள போ"ன்னான்.

அவன் இப்போ ஜெயில்ல. மண்டபத்துல இருந்த கண்ணாடிச் சட்டத்தை நான்தான் போட்டு உடைச்சேன். அதையே இங்க இவ்வளவு பெருசா காட்டுறீங்க. அணைச்சிடுங்க மிஸ். அழாதீங்க. உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். ஆனா பூட்டினது நீங்க இல்ல.

என்னம்மா, பின்னால கை தூக்குற பொண்ணு? சத்தமா கேளு. இப்பவாச்சும் அந்தக் கதவுங்களைத் திறந்து வைக்கிறாங்களாவா?

பழைய பூட்டை நான் உடைச்சிட்டேன்ல, காப்ரியல் புதுசு வாங்கிட்டார். அதைவிடப் பெருசு. சோமு இல்லன்னா என்ன, லயத்துல கை நீட்டுற ஆம்பளைக்கா பஞ்சம்? நான் கிளம்பணும் மிஸ், பஸ்ஸு போயிடும். நாளைக்குச் சம்பள நாள். அம்மிக்குழவியை இப்பல்லாம் அந்தக் கதவுகிட்டயே வச்சிருக்கேன்.