இரண்டாவது போர்வை

மணிமொழி முதன்முதலாக வெட்டிய நாற்பது துண்டுகளில் ஒன்றுகூட இன்னொன்றோடு பொருந்தவில்லை. துணியை நான்காக மடித்து ஒரே வெட்டாக வெட்டியிருந்தாள். அடியில் இருந்த மடிப்புகள் நழுவிவிட்டன. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து வைத்திருந்த இரண்டு பக்கங்களை மறுபடி எடுத்துப் படித்தாள். அட்டையில் ஒரு சதுரம் வெட்டி, அதைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. அவசரத்தில் அந்த வரியைத் தாண்டிப் படித்திருக்கிறாள். தன்மேலேயே எரிச்சல் வந்தது.

எண்பத்தேழாம் வருடம், ஆடி மாதம். கரியாலூரில் மலைப்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித்தர ஒரு பெண் வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனம் அறிவித்திருந்தது. மலையில் குளிர் அதிகம். பழந்துணியைக் கொண்டு கையாலேயே போர்வை தைக்கத் தெரிந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு உதவும் என்பது அவர்கள் எண்ணம். நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்கள் தாங்களே தைத்த ஒட்டுப்போர்வை ஒன்றைக் கொண்டுவர வேண்டும். செப்டம்பர் இருபத்தொன்றாம் தேதி, கள்ளக்குறிச்சியில்.

மணிமொழிக்கு ரவிக்கையில் கொக்கி வைக்கத் தெரியும், புடவைக்கு ஓரம் அடிக்கத் தெரியும். அவ்வளவுதான். பிளஸ் டூ முடித்து நான்கு வருடமாக வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் அந்த வீட்டிலேயே கிடந்தாள். கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது அப்பா பொன்னுரங்கம் யோசித்தார். அண்ணன் தமிழழகன்தான், "பொம்பளப் புள்ளைக்கு இதுவே ஜாஸ்தி" என்று முடித்து வைத்தான். அவன் பி.ஏ. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் சாதிச் சங்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தான்.

வடக்கனந்தல் டெய்லர் இருசப்பன் கடையில் கூட்டித் தள்ளும் துண்டுகளைப் பை நிறைய வாங்கி வந்தாள். தைத்து நனைத்ததும் சிவப்புத் துண்டின் சாயம் வெள்ளையில் இறங்கியது. எல்லாவற்றையும் பிரித்து, உப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மறுபடி தொடங்கினாள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் அம்மாவின் பழைய நூல் புடவை, அடியில் ஒரு கிழிந்த வேட்டி என்று மூன்று அடுக்கையும் பரப்பி ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு போனாள். முடிக்கும்போது நடுவில் தொப்பை மாதிரி புடைத்துக்கொண்டது. நடுவிலிருந்துதான் ஓரத்துக்குத் தைத்துப் போக வேண்டுமாம். அதையும் பிரித்தாள்.

"கந்தலத் தெச்சிக்கினு உக்காந்திருக்கா பாரு" என்றான் தமிழழகன்.

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். ஆவணிக் கடைசியில் போர்வை முடிந்தது. சோப்புப் போட்டு அலசி, மடித்து, தன் தகரப் பெட்டியில் வைத்தாள்.

செப்டம்பர் பதினேழாம் தேதி சாலை மறியல் தொடங்கியது. தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் எந்த வண்டியும் ஓடக் கூடாது என்றது சங்கம். ஊர் முனையில் இருந்த பெரிய புளியமரத்தை அறுத்துச் சாலைக்குக் குறுக்கே தள்ளினார்கள். தமிழழகனும் கூட்டாளிகளும் அங்கேயே சமைத்து அங்கேயே படுத்தார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை.

இருபத்தொன்றாம் தேதி காலையில் நடந்தே கள்ளக்குறிச்சிக்குப் போய்விடலாம் என்று மணிமொழி விடியும்போதே குளித்துப் பெட்டியைத் திறந்தாள். போர்வை இல்லை.

"யம்மா, என் போர்வை எங்க?"

ஜெயம்மாள் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "நேத்து பொழுது சாயற நேரத்துல உங்க அண்ணன் வந்து எடுத்துக்கினு போனான். தரை ஈரமா கீதாம்."

"நீ பாத்துக்கினு இருந்தியா?"

"கேக்கறவனுக்கு இன்னாடி சொல்றது? துணிதானே."

மணிமொழி செருப்புகூடப் போடாமல் ஓடினாள். சாய்ந்து கிடந்த மரத்துக்குப் பக்கத்தில், சேறும் சருகுமாக, அவளுடைய போர்வை விரிந்து கிடந்தது. அதன்மேல் நான்கு பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழழகன் நடுவில் இருந்தான்.

"எழுந்திருங்க."

"இன்னா மணி, இங்க எதுக்கு வந்த?"

"எழுந்திரு அண்ணா. அது என் போர்வை. இன்னிக்கி எனக்கு இண்டர்வியூன்னு உனக்குத் தெரியாதா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். தமிழழகனுக்கும் சிரிப்பு வந்தது. "இன்னிக்கி எவனுக்கும் எதுவும் கெடையாது. ரோடே இல்ல. நாங்க யாருக்காவ இங்க கெடக்கறம்? உன்ன மாதிரி புள்ளைங்களுக்கு நாளைக்கி வேலை கெடைக்கணும்னுதான்."

"நாளைக்கி கெடைக்கிற வேலைய நீயே வெச்சிக்கோ. இன்னிக்கி வர்றத ஏன் தடுக்கற? காலேஜுக்குப் போறன்னு சொன்னப்ப வேணாம்னது யாரு? இப்ப யாருக்கு சீட்டு கேக்கற?"

சிரிப்பு நின்றது. கொளஞ்சியப்பன் என்ற வயதானவர் முதலில் எழுந்தார். "குடுத்துடுப்பா. ரெண்டு மாசமா அந்தப் பொண்ணு தெச்சிக்கினு இருந்தத நானே பாத்திருக்கன்." மற்றவர்களும் எழுந்தார்கள். தமிழழகன் மட்டும் உட்கார்ந்திருந்தான். மணிமொழி ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். தையல் ஒன்று படபடவென்று விட்டது. அவன் சரிந்து கையூன்றிக்கொண்டான்.

"இந்தப் பக்கம் போவ முடியாது, சொல்லிட்டன்" என்று கத்தினான்.

"நான் வண்டியில்ல. நடந்து போறன்."

மரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். டீக்கறை, சேறு, பீடி நெருப்பு பட்ட இரண்டு ஓட்டைகள். போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

பாதி தூரத்தில் சாலையோரம் ஒரு காலனி. ஏழெட்டு வீடுகள் கூரையில்லாமல் கரிந்து நின்றன. மறியலுக்கு வராதவர்கள் என்று சங்கத்து ஆட்கள் ராத்திரியில் வந்து கொளுத்தியதாகப் பேச்சு அடிபட்டிருந்தது. அது வேறு யாரோ என்று வீட்டில் சொன்னார்கள். சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"எந்த ஊரும்மா?"

மணிமொழிக்குத் தன் ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை. "எலவனாசூர்கோட்டை" என்றாள்.

"அத்தினி தூரமா நடந்து போற? தோ, அங்க பம்பு கீது. தண்ணி குடிச்சிட்டுப் போ."

மணிமொழி குடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். அண்ணன்மேல் இருந்த கோபம் இப்போது தன்மேலும் திரும்பியிருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லி, அவள் திட்டியிருந்தால் நின்று கேட்டிருக்கலாம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை. பெரியநாயகி என்ற நடுவயதுப் பெண்மணி தனியாக உட்கார்ந்திருந்தார். தையல் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. மறியலுக்கு முன்பே மலையிலிருந்து இறங்கி வந்து மாட்டிக்கொண்டாராம். வர வேண்டிய எட்டுப் பேரில் மணிமொழி ஒருத்திதான் வந்திருந்தாள்.

போர்வையை விரித்ததும் பெரியநாயகி ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "இது இன்னாம்மா?"

மணிமொழி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது. அழுததற்காக இன்னும் கோபம் வந்தது.

"அழுக்க நான் பாக்கல. தையலத்தான் பாக்கறன்" என்று பெரியநாயகி போர்வையைப் புரட்டிப் போட்டார். "மேல பாத்தா தையல் ஒரே சீரா கீது. அடியில பாரு, ரெண்டு மடங்கு நீளம். முடிச்செல்லாம் வெளிய நிக்குது. நாலு தடவ தோச்சா மூணு அடுக்கும் தனித்தனியா நகந்துடும்."

"மூணு மணி நேரம் நடந்து வந்திருக்கன்ங்க. முடிச்சப் பத்திப் பேசறீங்க."

"நடந்து வந்ததுக்கு வேலை குடுத்தா, அங்க வந்து புள்ளைங்களுக்கு நடக்கத்தான் சொல்லிக் குடுப்ப."

மணிமொழிக்கு அறைந்த மாதிரி இருந்தது. பெரியநாயகி ஊசியை எடுத்தார். இடது கையைப் போர்வைக்கு அடியில் வைத்து, மேலிருந்து ஊசியைச் செங்குத்தாக இறக்கினார். "அடியில இருக்கற வெரல்ல ஊசி மொன பட்டுச்சின்னாதான் மூணு அடுக்கும் மாட்டுதுன்னு அர்த்தம். பட்ட ஒடனே மேல திருப்பு. முடிச்சப் போட்டு ஒரு சுண்டு சுண்டி இழு, உள்ள போயி ஒளிஞ்சிக்கும்." மூன்று முறை செய்து காட்டிவிட்டு ஊசியை அவளிடம் கொடுத்தார். "வராதவங்களுக்காவ அக்டோபர் அஞ்சாந்தேதி திரும்ப வெச்சிருக்கன். வேற ஒண்ணு தெச்சிக்கினு வா."

மறியல் புதன்கிழமை முடிந்தது. இருசப்பன் கடை ஒரு வாரம் மூடியிருந்ததால் ஒரு துண்டுகூட இல்லை. மணிமொழி வீட்டுக்கு வந்து, தமிழழகன் பெட்டியைத் திறந்து, கூட்டத்துக்குப் போகக் கஞ்சி போட்டு வைத்திருந்த இரண்டு வேட்டிகளையும் மூன்று சட்டைகளையும் எடுத்து நடுவீட்டில் போட்டாள். அட்டையை வைத்துக் கோடு போட்டு வெட்டத் தொடங்கியபோது அவன் உள்ளே வந்தான்.

"ஏய்! இன்னாடி பண்ற?"

"பாத்தா தெரியல?"

"யாரக் கேட்டு என் பொட்டியத் தொறந்த?"

"நீ யாரக் கேட்டுத் தொறந்த?"

அவன் கையை ஓங்கினான். அவள் கத்திரிக்கோலைக் கீழே வைக்கவில்லை, நகரவும் இல்லை. பொன்னுரங்கம் மாட்டுக் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். "கைய எறக்குடா" என்றார். இந்த விஷயத்தில் அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

ஜெயம்மாள் ஒரு சட்டையை மட்டும் மெதுவாக உருவி எடுத்தாள். "இத வுட்டுடுடி. அவன் மாமா கல்யாணத்துக்கு எடுத்தது." மணிமொழி அதை விட்டுவிட்டாள்.

பன்னிரண்டு நாள் தைத்தாள். கோபம் வந்தால் தையல் நீண்டுவிடும் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தாள். அண்ணன் குரல் கேட்டால் நீளும். சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்த பெண்ணின் முகம் வந்தால் கோணிப்போகும். ஊசியைக் குத்தி வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கோணியதைப் பிரித்து மறுபடி தைப்பாள். இடது கை நடுவிரல் நுனி சல்லடை மாதிரி ஆகிவிட்டது.

ஐந்தாம் தேதி ஏழு பேர் வந்திருந்தார்கள். பெரியநாயகி அவள் போர்வையை முதலில் அடிப்பக்கமாகத்தான் புரட்டினார். வெகுநேரம் தடவிப் பார்த்தார். "ரெண்டு எடத்துல கோணல். பரவால்ல" என்றார். பத்தாம் நாள் வேலைக்கான கடிதம் வந்தது.

கரியாலூர் பஸ்ஸுக்காக வடக்கனந்தலில் நின்றபோது, தமிழழகன் டீக்கடையில் நான்கு பேருக்கு நடுவே பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. "என் தங்கச்சிக்கு வேலை கெடச்சிருக்குது. மரத்த சாய்க்கலன்னா கெடச்சிருக்குமா? எல்லாம் போராட்டம்தான்."

மணிமொழி பையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நேராகக் கடைக்குப் போனாள்.

"பொய் சொல்லாத அண்ணா. அந்த மரத்தத் தாண்டித்தான் நான் போனன். நீ போவக் கூடாதுன்ன. காலனியில ஏழெட்டு வூடு எரிஞ்சி கெடந்திச்சி, அதையும் பாத்துக்கினுதான் போனன். அதப் பத்தி இவங்ககிட்ட சொல்லு."

தமிழழகன் டம்ளரைப் பார்த்தான். பஸ் வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பொன்னுரங்கம் தகரப் பெட்டியை ஏற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னல் பக்கமாக வந்து நின்றார்.

"போனதும் லெட்டர் போடு" என்றார்.

"உனக்குப் போடறன்ப்பா" என்றாள் மணிமொழி. "அவனுக்குப் போட மாட்டன்."