துப்பாக்கிக்குள் குளவிக்கூடு

சுதந்திரம் வரப்போகிறது என்று தூத்துக்குடியே பேசிக்கொண்டிருந்த வருஷம். காலையில் உப்பளப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதிலிருந்து செல்லத்தாய் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். முத்துக்குளிக்கிற ரோச்சின் தொடையில் துப்பாக்கி ரவை பாய்ந்துவிட்டதாம். யார் சுட்டதென்று அவன் பார்க்கவில்லையாம்.

அவள் புருஷன் நயினார் கருப்பட்டி மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிக்குக் காவலென்று லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். போன வாரம்தான் ரோச்சோடு அவருக்குக் கைகலப்பு. இன்றைக்கோ காலெல்லாம் உப்பளச் சேற்றோடு வந்து நிற்கிறார். கேட்டால், உப்பு விலை விசாரித்தாராம். கருப்பட்டி வியாபாரிக்கு உப்பு விலை எதற்கு?

ஓடிப்போய்த் துப்பாக்கியைப் பார்த்தாள். குழல்வாயை அடைத்துக் குளவி கட்டியிருந்த மண்கூடு, கல்லாகக் காய்ந்து அப்படியே இருந்தது. குளவி கூடு கட்டின வீட்டில் பிள்ளை தங்கும் என்று அவள்தான் யாரையும் தொடவிடவில்லை. இரண்டு தடவை கரு கலைந்த பிறகு, மகள் பகவதி இப்போது முழுகாமல் இருக்கிறாள். செல்லத்தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டினவரைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மத்தியானம் சப்-இன்ஸ்பெக்டர் வன்னியபெருமாள் வந்து, காப்பி குடித்து, நயினாரோடு சிரித்துச் சிரித்துப் பேசினார். போலீஸ்காரன் சிரித்தால் வீட்டுச் சாமானை எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது செல்லத்தாயின் கட்சி.

"இந்தப் பக்கத்துல லைசன்ஸ் துப்பாக்கி ஒங்களோடது ஒண்ணுதான், அண்ணாச்சி."

"அப்போ சட்டசபை மெம்பர் வீரபாகு கையில இருந்தது என்னது? காலையில அவரு உப்பளத்துல உள்ளான் குருவி சுட்டதை ஊரே பாத்துச்சே!" என்றாள் செல்லத்தாய்.

"மெம்பர்மாருக்கு லைசன்ஸ் வேண்டாம்னு சட்டமே விலக்கு குடுத்திருக்கு, தாயி. லைசன்ஸ் இல்லாத துப்பாக்கிய நான் எங்கன போயித் தேட?"

"நாங்க லைசன்ஸ் இல்லாம வச்சிருந்தா?"

"ஜெயில்தான்."

செல்லத்தாய் விறுவிறுவென்று உள்ளே போய்த் துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டினாள். "பாருங்க. இந்த அடைப்போட எப்படிச் சுடுவாவ?"

அவர் குழல்வாயை வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது.

"இதை வெளியாளு யாரும் பாத்திருக்காங்களா?"

"இல்ல" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் பேனாக்கத்தியை எடுத்துக் கூட்டைக் குடைந்தார். மண்ணும் புழுவும் தரையில் உதிர்ந்தன. உள்ளறை வாசலில் நின்ற பகவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா!" என்றாள்.

அவர் குழலை ஒருமுறை ஊதிவிட்டு, "இப்ப சுடும். பொறப்படுங்க அண்ணாச்சி" என்றார்.

செல்லத்தாய் அந்தப் போலீஸ்காரப் பாவியைச் சபித்தபடியே, சிதறிய மண்ணை முந்தானையில் அள்ளினாள். இனி எந்தக் கோர்ட்டில் காட்டினாலும் அது வெறும் மண்தான்.