இடது தோளுக்குப் பின்னால்

1

காலை ஆறு பதினேழு. என் கைபேசியில் இருக்கும் ஒரு வீடியோவின் நேரம் அது. பதினோரு நொடி ஓடுகிறது. இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது. வேறு எங்கிருந்தோ வந்ததாகச் சொன்னால் நன்றாக இருக்கும். வரவில்லை. காலை நடைக்குப் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பியது.

ஓர் இளைஞன் முட்டை வடிவப் பந்தை வாங்குகிறான். ஓடுகிறான். ஏழு பேர் பிடிக்கப் பார்க்கிறார்கள். ஒருவர் கைக்கும் அகப்படவில்லை. கோட்டைத் தாண்டிப் போய்த் தனியாக நிற்கிறான். பந்தைக் கீழே வைக்கிறான். அப்போது, படமெடுக்கும் பெண்ணின் குரல்: "போச்சு. மறுபடியும் ஓடிட்டான்."

அவ்வளவு அழகான ஓட்டத்தைப் பார்த்து ஒருத்தி ஏன் "போச்சு" என்கிறாள்? அதைக் கேட்கத்தான் உக்கடம் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மைதானத்துக்குப் போனேன்.

[காலையில் போவதற்கு எனக்கு வேறு இடமும் இல்லை. அது இந்தக் கதைக்குத் தேவையில்லை.]

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"சாஹிலுக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது." வீடியோவில் ஓடியவன் பெயர் சாஹில். இதைச் சொல்லிப் பார்த்தேன். மேடையில் பேசுவதுபோல் இருந்தது.

"அமெரிக்கன் ஃபுட்பால் கோயம்புத்தூருக்கு வந்த வரலாறு —" எனக்கே கொட்டாவி வந்தது.

"சாஹிலுக்கு ஆறு வயது இருக்கும்போது அவன் தந்தை வீட்டைவிட்டு —" இதை ஒரு பக்கம் எழுதினேன். கிருபாவிடம் படித்துக் காட்டினேன். கிருபாதான் அந்த அணியின் பயிற்சியாளர். வீடியோவில் கேட்ட குரல் அவளுடையது.

"அவங்கப்பா எங்கீங்க போனாரு?" என்றாள். "உக்கடத்துல செருப்புக்கடை வெச்சிருக்காருங்க. நேத்துகூட எனக்கு வாரு தெச்சுக் குடுத்தாரு. அவனுக்கு ஓடப் புடிக்கும். அவ்வளவுதானுங்க."

பக்கத்தைக் கிழித்தேன். காரணம் இல்லாமல் ஒருவன் ஓடலாம். கதை எழுதுகிறவர்களுக்குத்தான் அது பிடிப்பதில்லை.

3

விதிகளைச் சொல்லிவிடுகிறேன். பிறகு கதைக்குள் நிறுத்தி விளக்க வேண்டாம்.

பந்து க்வார்ட்டர்பேக்கின் கைக்கு வருகிறது. சாஹில்தான் க்வார்ட்டர்பேக். அவனுக்கு முன்னால் ஐந்து பேர் வேலிபோல் நிற்கிறார்கள். எதிரணி வேலியை உடைத்து அவனைச் சாய்க்க வருகிறது. வேலி மூன்று, மூன்றரை நொடி தாங்கும். வேலிக்குள் இருக்கும் அந்தச் சின்ன இடத்துக்குப் பாக்கெட் என்று பெயர். அதற்குள்ளேயே நின்று, தூரத்தில் ஓடும் தன் ஆளைத் தேடி, பந்தை எறிய வேண்டும். வேலியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தூரத்து ஆள் கண்ணிலிருந்து போய்விடுவான்.

வலக்கைக்காரன் எறியத் திரும்பி நிற்கும்போது, இடது தோளுக்குப் பின்னால் நடப்பது அவனுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை ஒருவர் காக்கிறார். அவர் பெயர் வேலுமணி. அவரிடம் பிறகு வருகிறேன்.

பெங்களூரில் ஓர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். தங்கும் இடம், சாப்பாடு, ஆண்டு முழுக்க விளையாட்டு. கிருபா வீடியோவை அனுப்பினாள். பதில் ஒரு வரிதான். ஓடுகிறவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள், இவன் நின்று எறிவானா? மூன்று வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

சாஹிலுக்கு இருபத்திரண்டு வயது. எடுத்தால் பெங்களூர். எடுக்காவிட்டால் செருப்புக்கடை. கடையில் அவனுக்கென்று ஏற்கெனவே ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார்கள்.

4

கிருபாவை நான் முதலில் நம்பவில்லை. பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுப் பெண், இந்த ஆட்டத்தை ஒருநாளும் ஆடாதவள், வீடியோ பார்த்துப் படித்துவிட்டுப் பதினான்கு ஆண்களை நிற்கவும் குனியவும் சொல்கிறாள். கதையில் இப்படி ஒருத்தி வந்தால் நானே சந்தேகப்படுவேன். எப்படி இங்கே வந்தாள் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஹாஸ்டலே காலிங்க. எல்லாரும் ஊருக்குப் போயிருவாங்க. நானும் வால்பாறை பஸ் ஏறலாம். ஏறுனா ஊட்ல மாப்பிள்ளை போட்டோவ நீட்டுவாங்க. அதான் இங்க வந்து நின்னேன். யாருமே டைம் பாக்காம ஆடிட்டிருந்தாங்க. பாக்கச் சகிக்கல."

அவள் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும்.

சுண்ணாம்புத் தூளால் தரையில் ஒரு வட்டம் போட்டாள். ஆறடி அகலம். வட்டத்தைவிட்டு வெளியே வந்தால் மைதானத்தை மூன்று சுற்று ஓட வேண்டும் என்றாள். சாஹில் சிரித்துக்கொண்டே ஓடினான். மறுநாள் தண்டனையை மாற்றினாள். பத்து நிமிடம் உட்கார வேண்டும்.

"அக்கா, காலு மரத்துப் போகுதுக்கா."

"போகட்டும். அப்பவாச்சும் நிப்பே."

ஞாயிறுகளில்தான் எல்லோரும் வருவார்கள். மற்ற நாட்களில் அவர்கள் இருவர் மட்டும். அந்த நாட்களில் அவன் நின்றான். முன்னால் ஐந்து பேரும் இல்லை, தாக்க வருகிறவர்களும் இல்லை. வெற்று மைதானத்தில், வட்டத்துக்குள், எட்டு நொடி, பத்து நொடி நிற்பான். எறிந்த பந்து, கிருபா நட்டுவைத்த கம்புக்கு ஒரு சாண் தள்ளி விழும். பந்தை அவனே நடந்து போய் எடுத்து வருவான்.

ஞாயிறு வந்தால் ஒன்று புள்ளி நான்கு நொடி. ஒன்று புள்ளி ஒன்பது. ஓடிவிடுவான்.

தனியாக இருக்கும்போது நின்றவன், தன்னைக் காக்க ஆட்கள் வந்ததும் ஓடினான்.

[இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதை விளக்கத் தொடங்கினால் மறுபடி செருப்புக்கடைக்காரரைத்தான் இழுப்பேன்.]

5

வேலுமணி.

காங்கேயத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் கொப்பரை மூட்டை ஏற்றி இறக்குகிறவர். வயது முப்பத்தொன்று. எடை நூற்றுப் பத்து கிலோ. ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார். இந்த ஆட்டத்துக்குக் கூட்டி வந்த மச்சான் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார். இவர் வந்துகொண்டே இருக்கிறார்.

அவரைத் தாண்டி யாரும் போக முடியாது. மோதுகிறவன் விழுவான். பிரச்சினை அதற்குப் பிறகு. விழுந்தவனை அவர் குனிந்து தூக்குவார்.

"ஏனுங்க தம்பி, அடிகிடி பட்டுப்போச்சுங்களா?"

அந்த நேரத்தில் அவருக்குப் பின்னால் இன்னொருவன் புகுந்து சாஹிலிடம் போயிருப்பான்.

"அண்ணா, அவன் எதிராளிங்ண்ணா!" கிருபா கத்துவாள்.

"தெரியுதுங்க அம்மணி. வுழுந்துட்டானே."

"வுழத்தானுங்ண்ணா தள்ளுனீங்க?"

"ஆமாங்க. அது வேறீங்க."

மூட்டை தூக்குகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. லாரிக்குச் சாய்த்து வைத்த பலகையில் ஏறும்போது ஒருவன் சறுக்கினால், பக்கத்தில் இருப்பவன் தன் மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு அவனைப் பிடிக்க வேண்டும். மூட்டை கிழிந்தாலும் மேஸ்திரி திட்ட மாட்டார். பிடிக்காமல் போனால் மறுநாள் அவனோடு யாரும் சேர்ந்து தூக்க மாட்டார்கள். வேலுமணி பதினைந்து வயதிலிருந்து தூக்குகிறார். யோசித்துச் செய்வதில்லை. கை போய்விடுகிறது.

இதை முதலில் வேடிக்கையாக எழுதினேன். மைதானத்தில் எல்லோரும் சிரிக்கத்தான் செய்தார்கள். "வேலுண்ணனைத் தாண்டணுமா, மெதுவா வுழுந்து படுத்துக்க" என்பான் எதிர்ப்பக்கம் ஆடும் ரித்விக். கல்லூரி மாணவன். வேலுமணியே அதற்குச் சிரிப்பார்.

பெங்களூர்க்காரர்கள் பார்க்க வரும் தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாரும் சிரிக்கவில்லை.

6

அன்று சாஹில் நின்றான். இரண்டு நொடி தாண்டியது. கிருபா வாட்சைப் பார்க்காமல் அவன் கால்களையே பார்த்தாள். இரண்டரை. மூன்று. கால் அசையவில்லை. தோள் திரும்பியது. பந்து காதுக்குப் பக்கத்தில் உயர்ந்தது.

ரித்விக் விழுந்தான். வேலுமணி குனிந்தார். அவருக்குப் பின்னால் புகுந்தவன் சாஹிலின் முதுகில் மோதினான்.

மூச்சு வராமல் சாஹில் மண்ணில் கிடந்தான். வேலுமணி ஓடி வந்து கையை நீட்டினார். சாஹில் அதைப் பிடிக்கவில்லை. முழங்காலை ஊன்றித் தானே எழுந்தான்.

"எனக்காகத்தானண்ணா அங்க நிக்கறீங்க?"

"ஆமாங்க தம்பி."

"அப்பறம் ஏன் அவனைத் தூக்குனீங்க?"

"வுழுந்துட்டானுங்க."

"நானுந்தான் வுழுந்தேன்."

"உங்களையும் தூக்கத்தானுங்க வந்தேன்."

சாஹில் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "உங்களுக்கு யாரு வுழுந்தாலும் ஒண்ணுதானாண்ணா?"

வேலுமணி கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அப்போது சொல்லியிருப்பார்.

"ஒண்ணுதானுங்க தம்பி."

அதன்பிறகு அன்று ஒருமுறைகூட சாஹில் நிற்கவில்லை. பூஜ்யம் புள்ளி ஒன்பது. பூஜ்யம் புள்ளி எட்டு. பந்து கைக்கு வந்ததும் ஓட்டம். கிருபா வாட்சை நிறுத்திப் பையில் போட்டாள்.

7

இங்கே கதை என்னிடம் நின்றுவிட்டது. ஒரு வாரம் எழுதவில்லை.

வேலுமணி திருந்துவதாக எழுதினேன். விழுந்தவனைப் பார்க்கிறார், கையை மடக்கிக்கொள்கிறார், நிற்கிறார். நல்ல காட்சி. ஆனால் அப்படிக் கையை மடக்கிக்கொண்ட மனிதர் திங்கட்கிழமை ஆலைக்குப் போய் எப்படி மூட்டை தூக்குவார் என்று யோசித்தேன். காட்சியை எடுத்துவிட்டேன்.

ஆளை மாற்றுவது எளிது. அணியிலேயே அரங்கசாமி இருக்கிறார், ஜிம் வைத்திருப்பவர். விழுந்தவனை மிதித்துக்கொண்டு போவார். கிருபா உண்மையிலேயே சாஹிலிடம் அதைக் கேட்டாள். "அந்தப் பக்கம் அரங்கசாமிய நிறுத்தட்டுமா?"

சாஹில் சொன்னதாக நான் எழுதியது: "நான் வுழுந்தா அரங்கசாமி தூக்க மாட்டாருக்கா."

அவன் சொன்னது: "வேண்டாங்க்கா."

முதல் வாக்கியம் என்னுடையது. அடித்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்று நானும் கேட்டேன். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டியிருந்ததை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

8

தேர்வாளர் வந்தார். பெங்களூர் தமிழர். வெயிலுக்குத் தொப்பி. மூன்று முறை ஆடச் சொன்னார். மூன்று முறையும் சாஹில் ஓடினான். வீடியோவில் பார்த்ததைவிட வேகம்.

"காலு சூப்பர்ம்மா. பாக்க அப்படி இருக்கு." தேர்வாளர் பேனாவை மூடினார். "ஆனா கால் இருக்கிற பசங்க எங்ககிட்ட நாலு பேரு இருக்காங்க."

"இன்னும் ஒருவாட்டிங்க சார்."

"எத்தனை தடவை ஆடினாலும் —"

"ஒரே ஒருவாட்டி."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தார்.

கிருபா சாஹிலிடம் போனாள். என்னவோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவன் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

பந்து வந்தது. சாஹில் இரண்டடி பின்வாங்கினான். நின்றான்.

ஒரு நொடி. வேலி மோதும் சத்தம்.

இரண்டு. தூரத்தில் ஓடும் ஆளை இன்னொருவன் மறைத்திருந்தான். எறிய முடியாது. இன்னும் ஒரு நொடி வேண்டும்.

அப்போது சாஹிலின் இடது தோளுக்குப் பின்னால் யாரோ மண்ணில் விழுந்தார்கள். எலும்பில் பட்டதுபோன்ற சத்தம். "அம்மா" என்று ஒரு குரல். சாஹிலின் தலை திரும்பவில்லை. பாதங்கள் மட்டும் தரையில் ஒருமுறை அழுந்தின.

என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. வேலுமணி குனிந்த முடிவு ஒன்று. குனியாத முடிவு ஒன்று. மூன்றாவது, அவர் என்ன செய்தாலும் அதற்கு முன்பே சாஹில் ஓடிவிடுவது. மூன்றையும் எழுதி முடித்து வைத்திருக்கிறேன். அன்று நடந்தது எது என்பதும் எனக்குத் தெரியும். நான் மைதானத்தின் ஓரத்தில், வேலுமணி தெரியும் இடத்தில் நின்றிருந்தேன்.

சாஹில் இருந்த இடத்திலிருந்து வேலுமணி தெரிய மாட்டார். எனக்குத் தெரிந்ததை உங்களிடம் சொல்லிவிட்டால், நீங்களும் என்னோடு ஓரத்தில் வந்து நின்றுவிடுவீர்கள். அதனால் சொல்லப்போவதில்லை. அவன் இருந்த இடத்தில் இருங்கள். கையில் பந்து. கண் தூரத்தில். முதுகுப் பக்கம் ஒன்றும் தெரியாது.

இரண்டரை நொடி. திரும்பாமல், அவன் கேட்டான்:

"வேலுண்ணா, இருக்கீங்களா?"