சபைப் பேர், ரேஷன் பேர்

"என் பேரு ஏசுறா" என்று போனில் எழுத்து விழுந்தது. அவன் சொன்னது எஸ்றா. நிறுத்தி நிதானமாக இரண்டாம் தடவை சொன்னதற்கு "எஸ் சார்" என்று வந்தது. மூன்றாம் தடவை வெறுப்பில் "இசக்கிராஜா" என்றான். ஓர் எழுத்துப் பிசகாமல் வந்து உட்கார்ந்தது. வயது இருபத்தாறு, வேலை திருநெல்வேலி டவுண் ரதவீதியில் ஜவுளிக்கடை, சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம் என்று அவன் சொன்ன மற்றதையெல்லாம் போன் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டது. பெயரில்தான் தகராறு. கடையின் மூன்றாவது மாடியில், பிரிக்காத சேலைக்கட்டுகளின் மேல் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. வீட்டுக்காக மனு, கடிதம் எதுவானாலும் அவன் இப்படி வாயால் சொல்லிப் போனில் எழுதி அனுப்புவதுதான் வழக்கம். கரண்ட் ஆபீசுக்கு, பஞ்சாயத்துக்கு, அக்காவின் பரீட்சை ஆபீசுக்கு எல்லாம் அப்படித்தான் போனது. இந்தக் கடிதமும் வீட்டுக்காகத்தான். ஒரு படிப்பிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லும் கடிதம். இன்று வியாழன். நாளைக்குள் போய்ச் சேர வேண்டும்.

அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் வைத்தது சபைப் பேர். கார்டிலும் சர்டிபிகேட்டிலும் உள்ளது ரேஷன் பேர். அம்மா சபைக் கோயிலில் சாரம்மாள், தாலுகா ஆபீசில் அன்னத்தாய். அக்கா கோயிலில் டார்லின், சர்டிபிகேட்டில் தேன்மொழி. அவன் எஸ்றா, இசக்கிராஜா. இதை யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை. இந்து என்று இருந்தால்தான் அவர்கள் சாதிக்கு எஸ்.சி. ஒதுக்கீடு. கிறிஸ்தவர் என்று எழுதினால் வேறு பட்டியல், வேறு வரிசை. மதம் மாறியதால் தெரு மாறவில்லை, வேலை மாறவில்லை, டீக்கடையில் அப்பாவை அழைத்த விதமும் அவர் சாகும்வரை மாறவில்லை. பட்டியல் மட்டும் ஏன் மாற வேண்டும் என்று அந்தத் தெருவில் எல்லோரும் ஒரேபோல நினைத்தார்கள். அதனால் சின்ன வயதிலேயே பிள்ளைகளுக்குத் தெரியும், எந்த வாசலில் எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று.

அந்தப் படிப்பு, பாளையங்கோட்டையில் சனிக்கிழமைதோறும் நடக்கும் கிறிஸ்தவ ஒழுக்கவியல் வகுப்பு. ஒரு வருடம் முடித்தால் ஏதாவது கிராமத்துச் சபைக்கு உபதேசியாராகப் போகலாம். மணி அடிப்பது, நோயாளி வீட்டுக்குப் போய் ஜெபிப்பது, குருவானவர் வராத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது. சம்பளம் ஜவுளிக்கடையைவிடக் குறைவுதான். ஆனால் இங்கே ஒரு நாளைக்கு நூறு தடவை "கலர் போகாதுக்கா" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தான் நம்புகிற ஒன்றைச் சொல்லிப் பிழைக்க முடியுமா என்று பார்க்கத்தான் போய்ச் சேர்ந்தான். சேரும்போது விண்ணப்பத்தில் எஸ்றா என்று எழுதினான். அந்தக் கட்டத்தில் வேறு என்ன எழுதுவது?

போன சனிக்கிழமை பாடம் எடுத்த கிருபைராஜ் சார், ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, கட்டளையிலிருந்து, மனச்சாட்சியிலிருந்து, பயத்திலிருந்து என்று வந்த பதில்களையெல்லாம் கேட்டுக்கொண்டு, போர்டில் 'பழக்கம்' என்று எழுதினார்.

"கிரேக்கத்துல இந்தப் பாடத்தோட பேருக்கு வேரே பழக்கம்தான். நாமளும் ஒழுகுததத்தானே ஒழுக்கம்னு சொல்லுதோம்? முதல்ல இருந்த சபையில யாரும் பாடம் படிச்சுட்டு வரல. ஒரே பந்தியில உக்காந்து சாப்பிட்டாங்க. விதவைக்குச் சோறு போட்டாங்க. செய்யுதது முதல்ல. ஏன்னு எழுதி வச்சது பின்னால."

ஆட்டோ ஓட்டுகிற எபி கையைத் தூக்கினான். "அப்பம் டவுண் பஸ்ஸுல பிள்ளைக்கு நாலு வயசுன்னு சொல்லுததும் பழக்கம்தானே சார்? எங்க வீட்டுல ரெண்டு வருசமா அவனுக்கு நாலு வயசுதான்."

வகுப்பு சிரித்தது. "ஆட்டோக்காரன் பிள்ள பஸ்ல போவுதே, அதச் சொல்லும் வே முதல்ல" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

கிருபைராஜ் சாரும் சிரித்துவிட்டு, "பிள்ள என்ன சொல்லுதான்?" என்றார்.

"ஆறுன்னு கத்துதான் சார். அவன் அம்ம வாயப் பொத்திட்டா."

"அந்தப் பொத்துன கைக்குக் கீழ இருக்குல்லா, அங்கனதான் நம்ம பாடம் ஆரம்பிக்குது."

எஸ்றா அதை நோட்டில் எழுதிக்கொண்டான். வகுப்பு முடியும்போது, வருட முடிவில் உபதேசியார் வேலைக்கு எடுக்கப்போகிறவர்களின் பட்டியல் போட்டோவும் ஊரும் போட்டு மாதப் பத்திரிகையில் வரும், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று சொன்னார்கள். பதினொரு பேரில் நான்கு பெயர். அதில் அவன் ஒருவன். எபி முதுகில் அடித்து "உபதேசியாரே, கோயில்ல என் கல்யாண ஓலைய வாசிக்க அப்பம் நீரு இல்லாமப் போயிட்டீரேவே" என்றான். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது அவனுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போனான். அக்காவுக்கு நாலாவது தடவை எழுதிய பரீட்சையில் அரசாங்க வேலை அமைந்திருந்தது. இளநிலை உதவியாளர். சாதிச் சர்டிபிகேட் சரிபார்க்க வி.ஏ.ஓ. வீட்டுக்கு வருகிறார் என்று தகவல். அம்மா விடியுமுன்பே பைபிள் வசனக் காலண்டரைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்துத் தெரிந்ததால், பக்கத்து வீட்டு மாரித்தாயிடம் முருகன் காலண்டரை வாங்கி அதே ஆணியில் மாட்டினாள். அது சின்னது. சதுரத்தை முழுதும் மறைக்கவில்லை.

"மயினி, ஆடாம நில்லுங்க, நேராத்தான் இருக்கு. எங்க சாமிதானே, ஒண்ணும் சொல்லாது" என்றாள் மாரித்தாய்.

வி.ஏ.ஓ. பெயர் கோமதிசங்கர். நாற்பது வயதிருக்கும். பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அம்மா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து, ரெண்டு கையையும் கூப்பி, முப்பது வருடமாக அந்த வாசலுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறதைச் சொன்னாள்.

"ஸ்தோத்திரம்யா."

அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மாரித்தாய் காலண்டரைப் பார்த்தாள்.

"ஸ்தோத்திரம்மா" என்றார் வி.ஏ.ஓ.

சொன்ன பிறகுதான் அவருக்கும் தெரிந்தது போலிருந்தது. ஃபைலைத் திறந்து, இல்லாத ஒரு தாளைத் தேடினார். "நான் படிச்ச மிஷன் பள்ளிக்கூடத்துல டீச்சர்மாரப் பாத்தா அப்படித்தான் சொல்லணும். வாயில வந்துருது. பழக்கம்."

"எங்களுக்கும் பழக்கம்தான்யா" என்றாள் அம்மா.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கருப்பட்டிக் காப்பி குடித்தார். எத்தனை வருடமாக இந்த வீடு என்று கேட்டார். மாரித்தாய் "இவுகள எனக்குப் பொறந்ததுல இருந்து தெரியும்" என்று சொல்லி, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பெயரைத் தவிர எதுவும் எழுதத் தெரியாது என்பதால் அதை ரொம்ப நேரம் எடுத்துப் போட்டாள். வி.ஏ.ஓ. எஸ்றா பக்கம் திரும்பி, தம்பி என்ன பண்ணுதீங்க என்றார்.

"டவுண்ல ஜவுளிக்கடைல இருக்கேன் சார்."

"வேற?"

சுவரில் காலண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வெள்ளையில் அவன் கண் போயிற்று. "வேற ஒண்ணும் இல்ல சார்" என்றான்.

அவர் எழுதினார். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியவில்லை. பைக்கைத் திருப்பும்போது கூட வந்த எஸ்றாவிடம் பைய சொன்னார்: "பேச்சுக்குக் கணக்குக் கிடையாது தம்பி. அச்சுல எதுவும் வராமப் பாத்துக்கிடுங்க. யாராவது மனுப் போட்டா நான் எழுதுனத நானே திருத்த வேண்டி வரும்."

அவர் போனதும் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பாழாப்போன வாயி. பிள்ளைக்கு வாச்ச வேலைய நானே கெடுத்துருப்பேனே."

"நீ கெடுக்கல. கெடுக்கப்போறது இவன்" என்றாள் அக்கா. அவளுக்குப் பத்திரிகை விஷயம் தெரியும். அவனே போன வாரம் சந்தோஷமாகச் சொல்லியிருந்தான். கோபம் என்று சொல்ல முடியாத, களைத்த குரலில் பேசினாள். "உன் ஊழியம் எங்கயும் போயிராது எஸ்றா. எனக்கு இன்னொரு தடவ எழுதத் தெம்பு கிடையாது. பேர எடுத்துருலே."

"என்ன காரணம் சொல்லுதது?"

"குடும்ப சூழ்நிலைன்னு போடு" என்றாள் அம்மா. "பொய் இல்லலா அது?"

பொய் இல்லைதான். மூன்று நாளாக அவன் அந்த இரண்டு வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வி.ஏ.ஓ.விடம் சொன்ன 'வேற ஒண்ணும் இல்ல'யைவிட அவை உண்மை. ஆனால் கிருபைராஜ் சார் அதை வாசித்துவிட்டு, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து, வகுப்பில் எல்லோரையும் எழுந்து நின்று ஜெபிக்கச் சொல்வார். பதினொரு பேரில் மற்ற பத்துப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத நோய்க்காக ஜெபிப்பார்கள். எபி சத்தமாக ஆமென் சொல்வான். அதை நினைத்துத்தான் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வைத்திருந்தான். உள்ளதைச் சொல்லலாம். சொன்னால் அது அவன் ரகசியம் மட்டுமல்ல. அக்காவுடையது, அம்மாவுடையது, தெருவில் முப்பது வீட்டினுடையது, ஒருவேளை வாய் தவறிய அந்த வி.ஏ.ஓ.வுடையதும்கூட. தன் மனச்சாட்சியைக் கழுவ அத்தனை பேர் வீட்டுத் தண்ணீரை எடுக்க அவனுக்கு என்ன உரிமை? இதற்குப் பாடத்தில் எந்த அதிகாரத்தில் பதில் இருக்கிறது என்று தெரியவில்லை. இதுவரை ஏழு பாடம்தான் முடிந்திருந்தது; எட்டாவது இனிமேல்தான் நடத்த வேண்டும்.

கீழேயிருந்து சூப்பர்வைசர் "ஏலே இசக்கி, கட்டு எடுக்கப் போனியா, நெய்யப் போனியா?" என்று கூப்பிட்டார். "வந்துட்டேன் அண்ணாச்சி" என்றான். வகுப்பு அலுவலகத்தின் நம்பரை எடுத்தான். அந்த போன் யார் கையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. கிருபைராஜ் சாராக இருக்கலாம், டைப் அடிக்கிற அம்மாவாக இருக்கலாம், அச்சகத்து ஆளாகவும் இருக்கலாம். எழுதியிருந்ததையெல்லாம் அழித்தான். போனை வாய்ப்பக்கம் கொண்டுவந்து, சேலைக்கட்டுகளுக்கு நடுவே, யாருக்கும் கேட்காத குரலில் பேசினான். எழுத்து விழுந்தது:

"சனிக்கிழமை வகுப்புல சன்னல் ஓரமா உக்காருத ஜவுளிக்கடை ஆளு பேசுதேன். என் பேர எடுக்கச் சொல்லி வீட்டுல சொல்லுதாங்க. காரணம் இருக்கு. அது என் காரணம் மட்டும் இல்லங்கதால சொல்ல முடியல. யாருக்கும் சீக்கு இல்ல, ஜெபிக்க வேண்டாம். படிப்ப விடுதேன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. இத வாசிக்கது யாருன்னு தெரியாது. யாரா இருந்தாலும் சரி, அச்சுக்குப் போற லிஸ்ட்டுல என் பேர் வேண்டாம். வகுப்பு ரிஜிஸ்டர்ல மட்டும் அடிச்சிராதீங்க. பேனாவால எழுதுனத ரப்பர் வச்சு எடுக்க முடியாது, அதனால அது மேல ஒரு துண்டுத் தாள் ஒட்டி, அதுல என் பேரப் பென்சிலால எழுதி வையுங்க. வேணும்போது அழிக்கலாம், வேணும்போது திருப்பி எழுதலாம்."